விற்றமின் போத்தலுக்குள் போன குளிசை

மருந்துக்கடைக் கவுண்டரிலை நிக்கிறவன் முதல்லை பழகவேண்டியது திடுக்கிடாமல் நிக்கிறது. மானிப்பாயிலை பன்னிரண்டு வருஷமா நிக்கிறன், எனக்கு அது இன்னும் வரேல்லை. என்னைப்போலை கவுண்டரிலை மாட்டுப்பட்டவை இருந்தால் தலையாட்டுவியள்.

பத்து நாள்

உரும்பிராய்த் தவமணி அக்கா, மகளின்ரை குளிசைப் பக்கற்றைக் கவுண்டரிலை எறிஞ்சா. மகள் சுகந்தி ரீச்சர். மூண்டு மாசமாச் சாப்பாடில்லை, நித்திரையில்லை, பள்ளிக்கூடமும் போறேல்லை. மனச்சோர்வெண்டு டாக்டர் எழுதின குளிசை. "பத்து நாளாச்சு, பிள்ளை சிரிக்கேல்லை!" எண்டா.

விளங்கப்படுத்தினன். மூளை நரம்புகள் ஒண்டோடை ஒண்டு கதைக்கிறது செரட்டோனின் மாதிரிச் சாமானுகளாலை. ஒரு நரம்பு விட்டதை அதே நரம்பு திருப்பி உறிஞ்சும், குளிசை அதை மறிக்கும். சுகம் தெரியக் கிழமைக்கணக்காச் செல்லும். செரட்டோனின் குறைஞ்சதாலைதான் வருத்தமெண்டு டாக்டர்மாரே அடிச்சுச் சொல்லுறேல்லை, ஆனால் கனபேருக்குக் குளிசை கேக்குது. டாக்டரைக் கேளாமல் மட்டும் நிப்பாட்டக்கூடாது.

அக்கா பக்கற்றைத் திருப்பி எடுத்தா. "உரம் போட்டாலும் உடனை காய்க்காதுதானே தம்பி, பாப்பம்."

வெறும் போத்தல்

ரெண்டு மாசத்திலை சுகந்தி திரும்பப் பள்ளிக்கூடம் போனா. எனக்கெண்டால் நல்ல சந்தோசம். அடுத்த கிழமை அக்கா வெறும் விற்றமின் போத்தலோடை வந்து நிண்டா. கனடாவிலையிருந்து சுகந்திக்குப் பேசின மாப்பிள்ளையின்ரை தாய் பொம்பிளை பாக்க வாறாவாம். என்ன குளிசையெண்டு அவவுக்குத் தெரியாமல் அதுக்குள்ளை கொட்டித் தரட்டாம். செய்யக்கூடாத வேலை. அக்கா அழுதா, நானும் இளகிக் கொட்டிக் குடுத்திட்டன். "பிள்ளையின்ரை சீவியம் உம்மடை கையிலைதான் தம்பி."

தலைச்சுத்து

பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அக்கா தலைச்சுத்துக்குக் குளிசை கேட்டு வந்தா. சுகந்திக்குத்தானாம். தலைச்சுத்து, நடுக்கம், திரும்பவும் அழுகை. "அந்தப் போத்தல் எங்கை?" எண்டு கேட்டன். பொம்பிளை பாக்க வந்த மனுசி, "பிள்ளை நல்ல வடிவாயிருக்கிறா, உந்த விற்றமினாலையோ?" எண்டு கேட்டாவாம். இவ மறுக்க வழி தெரியாமல் போத்தலோடை தூக்கிக் குடுத்திட்டா!

ஐயோ கடவுளே! இங்கை ஒருத்தி குளிசையில்லாமல், அங்கை ஒருத்தி என்னெண்டு தெரியாமல் விழுங்கிக்கொண்டு! உடனை டாக்டருக்குப் போன் எடுத்து, அவர் சொன்னபடி சுகந்திக்கு மருந்து ஒழுங்குபண்ணினன். அந்த மனுசிக்கு ஆர் சொல்லுறது? அக்கா வீட்டை போய் மகளிட்டைச் சொன்னா.

பின்னேரம் சுகந்தியே தாயோடை கடைக்கு வந்து, அந்த மனுசிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரிலை போட்டா. "அன்ரி, அது விற்றமினில்லை. மனச்சோர்வுக்கு நான் போடுற குளிசை. விழுங்காதேங்கோ." சம்பந்தம் போச்செண்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டா. அங்காலையிருந்து அந்த மனுசியின்ரை குரல் வந்துது: "ஒண்டும் விழுங்கேல்லைப் பிள்ளை. திறந்த உடனை தெரிஞ்சிட்டுது, எட்டு வருஷமா நானும் இந்தக் குளிசைதான் போடுறன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் போத்தலைத் திருப்பித் தராமல் வைச்சிருந்தனான்."

பன்னிரண்டு வருஷமா மூளையைப் பற்றி விளக்கம் சொன்ன நான், அந்த வருத்தத்தை ஒளிக்கிறதுக்குப் போத்தலையும் நிரப்பியெல்லோ குடுத்திருக்கிறன்!