பார்க்குக்குள் அம்மா

பெல்மதுளை பார்க்கின் ஊஞ்சலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து அதன் வாடை இன்னும் போகவில்லை. வாசலைத் தாண்டியதுமே என் கை தானாக நெற்றிப் பொட்டுக்குப் போனது.

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவோம், அப்போது இந்த நடைபாதையோ டைல்ஸ் பதித்த கழிவறையோ கிடையாது, கிறீச்சிடும் சங்கிலி ஊஞ்சலும் வெயிலில் சுடும் சிமென்ட் பெஞ்சும் வாசலில் ஓயாமல் சொட்டுகிற குழாயும்தான், அந்தக் குழாயடியில் அம்மா தன் பொட்டையும் என் பொட்டையும் கழுவித் துடைத்துவிட்டு, "உள்ள போனா தமிழ்ல ஒரு வார்த்தை வரக்கூடாது, வெளங்குதா?" என்பாள். எங்கேயோ குண்டு வெடித்தால் இங்கே எங்களைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள்.

ஒருநாள் ஊஞ்சலிலிருந்து விழுந்து என் உதடு கிழிந்தது. ஓடிவந்த அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "அண்டன்ன எப்பா புத்தே" என்றாள். அழாதே பிள்ளை என்பதைத்தான் சிங்களத்தில் சொன்னாள், கடைக்காரரிடம் பேசுகிற அதே குரலில். முந்தானையால் ரத்தத்தைத் துடைப்பது யாரோ ஒருத்தி என்று தோன்றி, நான் இன்னும் பலமாக அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. என் மகள் பொட்டோடுதான் பார்க்குக்கு வந்தாள், ஊஞ்சலிலிருந்து சறுக்கி விழுந்தாள். ஓடிப்போய், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்டன்ன எப்பா புத்தே" என்று தூக்கினேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ஏம்மா யாரோ மாதிரி பேசுறீங்க?"