ஒரு கொக்கி வைக்கிற நேரம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் கிடக்கிற நாற்காலிக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே சொந்தக்காரிதான், பக்கத்து வீட்டுக்காரி. அசர் தொழுகையை முடித்துக்கொண்டு நாலு மணிவாக்கில் வருவாள். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன் எழுந்துவிடுவாள். நான் மெஷினில் பிளவுஸ் அடித்துப் போடப் போட, கொக்கி வைப்பதும் கை ஓரம் மடித்துத் தைப்பதும் அவள் பொறுப்பு. அவள் ஊசி பிடித்தால் நூல் போன தடம் தெரியாது. என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் எனக்கு அவள் ‘ஏட்டி’, அவளுக்கு நான் ‘யக்கா’.

கையைவிட வாய்க்குத்தான் அங்கே வேலை அதிகம். அவள் சொல்வதில் மனசில் தைப்பதை என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். முன்பக்கமெல்லாம் ஊர்ப் பெண்களின் தோளளவு, கையளவு. பின்பக்கம் அவளுடைய வாக்கு. எட்டாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு மீதிப் பாடம் முழுக்க அந்தப் பின்பக்கம்தான்.

இதற்குள்ளேதான் ஒரு நாய்க்குட்டி வந்து விழுந்தது.

பெங்களூரில் வேலை செய்கிற மகள் ஆசைப்பட்டு வாங்கியது. அங்கே வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார். குட்டியையும், மடக்கி விரிக்கிற ஒரு கம்பிக் கூட்டையும் கொண்டுவந்து எங்களிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது பாடம் எடுத்தாள்: இந்தக் கூடுதான் அதற்கு அறை, இதில் இருந்து பழக வேண்டும், ஆள் வரும்போது இதற்குள் நிற்க வேண்டும். நானும் தலையை ஆட்டினேன். ஒரு சாண் குட்டி, இதற்கென்ன பெரிய பழக்கம் என்றுதான் நினைப்பு.

அன்று நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசல் கம்பிக் கதவைத் திறந்ததும் குட்டி நாக்கை நீட்டிக்கொண்டு அவள் காலைப் பார்த்துப் பாய்ந்தது. முட்டு வலிக்காரி அவ்வளவு வேகமாகப் படியிறங்கி நான் பார்த்ததில்லை. முற்றத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“யக்கா, பட்டிக்குட்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அதுக்க நாக்கு பட்டா ஏழு வாட்டி கழுவணும், அதில ஒரு வாட்டி மண்ணு போட்டு. இந்த முட்ட வச்சிட்டு நான் தொழுவேனா, மண்ணு தோண்டுவேனா?”

சிரித்துக்கொண்டுதான் போனாள். ஆனால் போய்விட்டாள். மறுநாளிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். நான் துணியை மதில்மேல் வைப்பேன், அவள் தன் வீட்டில் வைத்துத் தைத்து மறுநாள் தருவாள். வேலை நடந்தது. ஆனால் மதிலில் நின்று எவ்வளவு நேரம் பேச முடியும்? அடுப்பில் பால், குக்கரில் விசில் என்று இரண்டு பேருக்கும் ஏதாவது வந்துவிடும். நாற்காலியில் தைக்காத துணி குவிய ஆரம்பித்தது. நடக்காத தடத்தைப் புல் மூடும் என்று எப்போதோ அவள் சொன்னதே நோட்டில் இருந்தது. இவள் இப்படியே வராமல் பழகிவிட்டால் என்ன செய்வேன்?

பின்பக்கம் சங்கிலி போட்டுக் கட்டு என்றார் என் வீட்டுக்காரர். கட்டிய அன்று அது போட்ட ஓலத்தில் அவரே போய் அவிழ்த்துவிட்டார். ஆக மிச்சம் கூடுதான். நான் குட்டியைத் தூக்கி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். கத்தியது, கம்பியைக் கடித்தது, உள்ளேயே மூத்திரம் பெய்தது. செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாகவும் ஒருமுறை உள்ளே போட்டேன். நாலாம் நாள் கூட்டைப் பக்கத்தில் நகர்த்தினாலே குட்டி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

இதையெல்லாம் அவள் மதில்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“ஏன்க்கா, மருமவள கையப் பிடிச்சு இழுத்துத் தள்ளியா வீட்டுக்குள்ள கேற்றுவாவ? பாய விரிச்சு, பலகாரத்த வச்சு, வாசலத் திறந்து போட்டுட்டு சும்மா இருக்கணும். வாறவ தானா வருவா.”

“நீ வந்து செய்து காட்டுட்டி.”

“தொடாமலே செய்து காட்டுதேன். பாரு.”

மறுநாள் கம்பிக் கதவுக்கு வெளியே சிட்அவுட்டில் வேறொரு நாற்காலி போடச் சொன்னாள். கதவுக்கு உள்ளே, அவள் கண்ணுக்கு நேராகக் கூடு. கூட்டுக்குள் என்னுடைய பழைய நூல்சேலையை விரிக்கச் சொன்னாள். துவைத்ததை எடுத்தபோது வேண்டாம் என்றாள், உடுத்து அவிழ்த்ததுதான் வேண்டுமாம், ஆள் மணம் இருந்தால்தான் அதற்கு வீடு என்று தோன்றுமாம். வாழையிலைக் கீற்றில் உப்பில்லாமல் அவித்த நெத்திலி கொண்டுவந்திருந்தாள். ஒன்றை எடுத்துக் கம்பி இடைவெளி வழியாக எறிந்தாள். கூட்டு வாசலில் விழுந்தது. அடுத்தது ஒரு விரற்கடை உள்ளே. அடுத்தது இன்னும் உள்ளே. சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் விழத்தட்டிய கை, குறி தப்பவில்லை. ஒவ்வொரு எறிக்கும் ஒரே சொல்: “கேறு மக்கா.” எங்கள் பக்கம் கேறு என்றால் உள்ளே ஏறிப் போ. அதை அவள் இழுத்து, கடைசியில் கொஞ்சம் தூக்கிச் சொல்வாள், தொட்டில் ஆட்டுகிற மாதிரி.

குட்டி கட்டிலுக்கடியிலிருந்து மூக்கை நீட்டியது. முன்னங்காலை உள்ளே வைத்து மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் கதவைச் சாத்த எழுந்தேன். அவள் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள். ஒரு வாரம் அந்தக் கூட்டுக் கதவை யாரும் தொடக் கூடாது என்று கட்டளை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை இருந்ததால் நான் தள்ளினேன். அவள் குட்டியைத் தொடக் கூடாதவள், அதனால் காத்திருந்தாள். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். அதைப் போகிற வருகிற வாக்கில் எத்தனை பேரிடம் நானே சொல்லியிருப்பேன். செய்தவள் அவள்தான்.

இரண்டாம் வாரம் கதவு சாத்தினோம். எவ்வளவு நேரம் என்பதற்கு அவளிடம் கடிகாரம் இல்லை, கையில் பிளவுஸ் இருந்தது. முதல் நாள், ஒரு கொக்கி வைக்கிற நேரம். குட்டி சிணுங்குவதற்குள் திறந்துவிட வேண்டும். மறுநாள் இரண்டு கொக்கி. ஐந்து கொக்கியும் வைத்து முடிக்கும்வரை குட்டி சும்மா கிடந்த நாளில், இனி கை ஓரத்துக்குப் போவோம் என்றாள். ஒரு கை, பிறகு இரண்டு கை. நடுவில் குட்டி முனகினால் தலை நிமிராமலே, “கெட மக்கா, இந்தா முடிஞ்சாச்சு” என்பாள். அது கிடக்கும். வெளியே அவள், உள்ளே நான், நடுவில் கம்பிக் கதவு. ஆனாலும் வாய் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கவனம் தப்பினேன். ஒருநாள் கூட்டுக் கதவின் கொண்டியைச் சரியாக மாட்டாமல், அவளுக்கு டீ கொடுக்கக் கம்பிக் கதவைத் திறந்தேன். குட்டி என் காலிடையில் புகுந்து போய் அவள் கையை மணிக்கட்டிலிருந்து விரல்வரை நக்கிவிட்டது. பிளவுஸ் கீழே விழுந்தது. சுடுபாத்திரம் ஏந்தியதுபோல் அவள் அந்தக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தென்னை மூட்டில் மண் கிள்ளி எடுத்தாள். நான் செம்பால் தண்ணீர் ஊற்ற, வாய்க்குள் எண்ணி ஏழு முறை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் நாலு மணி ஆனது, வரவில்லை. நாலரை ஆனது. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரே தையலை இரண்டுமுறை பிரித்துவிட்டேன். போய்க் கூப்பிடவும் தைரியம் இல்லை, என்ன சொல்லிக் கூப்பிடுவது? குட்டி கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் படுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேட் சத்தம் கேட்டபோது மணி ஐந்தாகப் போகிறது. கையில் இலைப்பொதி. கடியப்பட்டணத்து மீன்காரி இன்றைக்கு நேரம் கழித்துத்தான் வந்தாளாம், நெத்திலி அவித்து எடுக்க நேரமாகிவிட்டதாம். என் கண் அவள் கையிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கழுவினாப் போற காரியத்துக்கா இந்த முழி முழிக்க? கழுவினாலும் போவாத காரியம் நெறைய வரும்க்கா, அதுக்குக் கொஞ்சம் மிச்சம் வையி. குட்டி மேல தப்பில்ல. கொண்டி போடாத உனக்க மேலதான் தப்பு.”

அதற்குப் பிறகு, முதலில் கொண்டி, அப்புறம்தான் டீ என்று ஆனது.

ஒரு பிளவுஸ் முழுக்கத் தைத்து முடிக்கும்வரை குட்டி கூட்டில் தூங்கிய அடுத்த நாள், நான் முன்னறையைக் கழுவித் துடைத்துக் காய வைத்தேன். நாலு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. அவள் கதவருகே வந்து ‘கேறு’ என்று வாயெடுப்பதற்குள் குட்டி தானாகப் போய்க் கூட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, என் சேலைமேல் உட்கார்ந்துவிட்டது. நான் கொண்டியை மாட்டினேன். மாட்டினேனா என்று அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்தாள். நாற்காலியில் குவிந்திருந்த துணியை அள்ளி என் மடியில் போட்டாள், உட்கார்ந்தாள், ஊசி எங்கே என்றாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாள் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு, நேற்று எழுந்துபோனவள் மாதிரி இருந்தது.

லீவுக்கு வந்த மகள் குட்டியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அது அவள் முகத்தையே பார்த்து நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ‘கேறு மக்கா’ வந்தது. குட்டி ஓடிப்போய்க் கூட்டில் உட்கார்ந்தது. மகள் அதைச் செல்போனில் பிடிக்க மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் என்று மதிலிலிருந்து பதில் வந்தது.

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவருகிற ஊர்ச் செய்தி முதலில் கூட்டுக்குத்தான் போகிறது. குட்டி தலையைச் சாய்த்துக் கேட்கிறது, நடுவில் பேசுவதில்லை, என்னைவிட நல்ல ஆள் என்கிறாள். பாங்குக்கு முன் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து, எனக்கு முன்னால் அதனிடம் சொல்லிக்கொள்கிறாள். அவள் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் கொண்டியை எடுப்பேன். எடுத்தாலும் குட்டி உடனே வெளியே வராது. நாளைக்கும் வருவாளா என்பதுபோல வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். நானும்தான்.