அண்ணா தேடிய தாய்வழி

2025 பெப்ரவரி 13, வியாழக்கிழமை. வழமைபோல் ஐந்து மணிக்கு எழுந்து முற்றம் கூட்டி, சாமி விளக்கேற்றி, அன்றைய நாட்குறிப்பைச் சரிபார்த்தேன். வியாழன் அண்ணாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நாள். ஆகவே பாடசாலை நூலகத்தில் எனக்கு அன்று அரைநாள் விடுப்பு. அண்ணி உப்பில்லாத சொதியும் இடியப்பமும் கட்டித் தந்தார். அன்புவழிபுரத்திலிருந்து முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போனோம். அண்ணா வழியெல்லாம் கைத்தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார்.

தோப்பூரில் தாமரை என்ற குதிரை நாள் தாண்டிய சினையாக நின்றது. அது பெண்குட்டி ஈன வேண்டும் என்பதே அந்த ஆண்டில் அண்ணாவின் ஒரே எதிர்பார்ப்பு. திருகோணமலையில் ஒருவர் குதிரையின் வம்சத்தை எண்ணிக் கவலைப்படுவதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினருக்காக, எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன்.

அண்ணா எங்கள் வீட்டின் மூத்தவர். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் காலமானபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது. தெரிந்தவர் ஒருவர் மூலம் நுவரெலியாவில் பந்தயக் குதிரை லாயமொன்றில் சாணம் அள்ளும் வேலைக்குப் போனார். குளிருக்குப் போர்த்த அவரிடம் ஒரு சாக்குத்தான் இருந்ததாம். அதைக்கூட ஒரு குதிரை தின்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டு சொல்வாரே தவிர, அந்த ஆண்டுகளைப் பற்றி முறையிட்டதில்லை. நாங்கள் இரண்டு தங்கைமாரும் படித்து முடித்தது அவருடைய உழைப்பில்.

அந்த லாயத்தில்தான் செண்பகத்தைக் கண்டார். செண்பகம் என்பது அண்ணா வைத்த பெயர். பந்தயத்தில் ஓடி ஒருமுறையும் வெல்லாத குதிரை அது. ஆகவே குட்டி ஈனுவதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். காலப்போக்கில், மலைநாட்டுப் பந்தயங்களில் முன்னுக்கு வந்த குதிரைகளில் பல செண்பகத்தின் மக்களாகவோ மகள்மாரின் மக்களாகவோ இருப்பதை அண்ணா கவனித்தார். பத்திரிகையில் வென்ற குதிரையின் தகப்பனைப் புகழ்ந்து எழுதுவார்கள். அண்ணா படித்துவிட்டு, "தாயின்ர பேர் எங்க?" என்று கேட்பார்.

குதிரைக்காரரிடம் வெள்ளைக்காரர் விட்டுப்போன ஒரு வழக்கம் உண்டு. ஒரே தகப்பனுக்குப் பிறந்த குதிரைகளை அவர்கள் சகோதரங்கள் என்று சொல்வதில்லை. ஆண்குதிரைக்கு ஓர் ஆண்டிலேயே பல குட்டிகள் பிறக்கும். தாய்க்கு ஒன்றுதான். ஆகவே ஒரு வயிற்றில் பிறந்தால் மட்டுமே சகோதரம். இதைக் கேட்டபோது அண்ணா ஆச்சரியப்படவில்லை. எங்கள் அம்மாவின் ஊர் மூதூர்ப் பக்கம். அங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில்தான் வரும். "வெள்ளைக்காரனுக்கும் எங்கட அம்மாவுக்கும் ஒரே சட்டம்" என்று எனக்கு எழுதினார்.

வெல்லாத குதிரையிடமிருந்து வென்ற குதிரைகள் எப்படி வந்தன? செண்பகம் எதைக் கொடுத்தது? நெஞ்சின் அகலத்தையா, பயமின்மையையா, அல்லது குட்டிப் பருவத்தில் கூடவே ஓடிப் பழக்கியதையா? கேட்டால் அண்ணா, "தெரியாது. அதுதான் பாக்கவேணும்" என்பார்.

ஊர் திரும்பிக் கலியாணம் செய்தபின், மாமாவின் மகன் நிலாவெளியில் விடுதி தொடங்கினார். கடற்கரையில் வெளிநாட்டார் ஏறிப்போகக் குதிரைகள் வேண்டும் என்றார். அண்ணா மலைக்குப் போய் லொறியில் மூன்றைக் கொண்டுவந்தார். வயதான செண்பகம், அதன் கடைசி மகள் தாமரை, கிண்ணம் வென்ற மகன் ராசா. செண்பகம் கடற்காற்றில் மேலும் சில ஆண்டுகள் இருந்து இறந்தது. விடுதிக்குப் பின்னால் அண்ணாவே குழி வெட்டினார்.

பிறகு அண்ணா சிறுநீரக நோயுடன் கொழும்பில் ஒரு வருடத்துக்கு மேல் தங்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் நிலாவெளி மச்சான் ஒரு முடிவெடுத்தார். கிண்ணம் வென்றவன் இருக்க, பெட்டைக்கு ஏன் தீனி என்று தாமரையைத் தோப்பூரில் ஒரு முஸ்லிம் நானாவுக்கு விற்றார். கலியாண ஊர்வலங்களுக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளுக்கும் குதிரை கொடுப்பவர் அவர். மச்சான் வேறொரு பெண்குதிரையை வாங்கி ராசாவுடன் விட்டு, குட்டிக்காகக் காத்திருந்தார். அண்ணா திரும்பி வந்த அன்று நானும் உடனிருந்தேன்.

"ஒரு வருசமாச்சு மச்சான், ஒண்டும் நடக்கேல்ல. சீமையில இருந்து மருந்து எடுப்பிக்கவோ?" என்று கேட்டார் நிலாவெளி மச்சான்.

அண்ணா கதிரையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்தச் சீமை மருந்துக்கும் ஏலாதடா. ராசா நலமடிச்ச குதிரை. ரெண்டு வயசிலயே விதையை வெட்டிப்போட்டாங்கள்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ அவன்ர கிண்ணத்தத்தான் பாத்தனி. குனிஞ்சு பாத்திருந்தா நானேன் சொல்லவேணும்?"

சிரித்து முடித்தபின்தான் தாமரை எங்கே என்று கேட்டார். விற்ற செய்தி கேட்டு அவர் முகம் மாறியதை மறக்கமாட்டேன். செண்பகத்தின் மற்ற மகள்மாரும் பேத்திமாரும் இறந்துபோனதை மலைநாட்டு நண்பர்களிடம் விசாரித்து அறிந்திருந்தார். தாய்வழியில் மிஞ்சியது தாமரை மட்டும்.

அடுத்த வாரமே தோப்பூருக்குப் போனோம். விற்கச் சொல்லிக் கேட்டால் நானா மறுப்பாரோ என்று நான் பயந்தேன். அண்ணா விற்கச் சொல்லிக் கேட்கவேயில்லை. தாமரைக்கு ஒரு பெண்குட்டி வேண்டும் என்றார், காரணத்தையும் சொன்னார். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"எங்கடயிலயும் உம்மாட குடிதானே தம்பி. இது எனக்குப் புதுக்கதையா? ஆனா இவக்கு வயசு போயிட்டு."

"ஓம் நானா. அதுதான் அவசரம்."

"அவக்கோ, உங்களுக்கோ?"

"ரெண்டு பேருக்கும்" என்றார் அண்ணா.

மச்சான் செய்த பிழைக்குப் பரிகாரமாக ஓர் உண்மையான பொலிகுதிரையை வாங்கினார். இம்முறை குனிந்து பார்த்தே வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொன்னார். தாமரை முதல் தடவையிலேயே சினைப்பட்டது.

இனி அந்த வியாழனுக்கு வருகிறேன். அண்ணாவை இயந்திரத்தில் இணைத்துச் சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. அவருடைய கை கட்டப்பட்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"தங்கச்சி, தாமரை பெத்துட்டா. உம்மாவும் புள்ளையும் சுகம்."

"என்ன குட்டி நானா?"

"தம்பிட்டக் குடுங்க" என்றார். நான் அண்ணாவின் காதில் பிடித்தேன்.

அண்ணா கூரையைப் பார்த்தபடி கேட்டார். "ஆணோ. சரி. எழும்பி நிண்டிட்டானோ? பால் குடிச்சிட்டானோ?" பிறகு சொன்னார். "என்னை மாதிரித்தான் நானா. குடி கொண்டுபோகமாட்டான். ஆனா ஓடித் திரிவான்."

அண்ணாவுக்கு இரண்டு மகன்மார். அவர்கள் அண்ணியின் குடி. அம்மாவின் குடி எங்கள் தங்கையின் மகள்மாரோடு போகிறது. இதை அண்ணா குறையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அன்றும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தாதி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

சுத்திகரிப்பு முடிந்தால் அவருக்கு நடக்கவே களைப்பாக இருக்கும். அன்று வீட்டுக்குப் போக மறுத்தார். மச்சான் வானைக் கொண்டுவந்தார். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் வழியாகத் தோப்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. குட்டி நீண்ட கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் தாயைச் சுற்றி வந்தது. தாமரை எங்களைக் கண்டு காதுகளைப் பின்னுக்கு மடித்தது.

"இவ்வளவு பாடுபட்டு இன்னொரு ராசா" என்றார் மச்சான்.

"பொத்தடா வாயை. தாய்க்குக் கேக்கும்" என்றார் அண்ணா.

நானா கதிரை கொண்டுவந்து போட்டார். அண்ணா அதில் உட்காரவில்லை. குட்டியின் நெஞ்சைத் தடவினார், முழங்கால்களைத் தடவினார், கண்ணுக்குள் பார்த்தார். செண்பகத்தின் எது இதில் இருக்கிறது என்று நான் கேட்டேன். "பொறு, ஓடட்டும்" என்றார்.

அந்த வாரத் தொடக்கத்தில் வைத்தியர் என்னிடமும் அண்ணியிடமும் தனியாகப் பேசியிருந்தார். இருதயமும் களைத்துவிட்டது, அடுத்த தைப்பொங்கலைப் பற்றி உறுதி சொல்ல ஏலாது என்றார். அண்ணாவிடம் மறைப்பதற்கு நாங்கள் எடுத்த முயற்சி ஒருநாள்கூட நிற்கவில்லை. அவரே வைத்தியரிடம் கேட்டுக்கொண்டார். ஐப்பசி மாத மழை தொடங்கிய வாரத்தில், வீட்டில், அண்ணியும் பிள்ளைகளும் நாங்களும் சூழ்ந்திருக்க அண்ணா அமைதியாகக் காலமானார்.

அவரை வியாழன்தோறும் கவனித்த தாதியருக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த முச்சக்கர வண்டிக்காரருக்கும், துக்கவீட்டின் மூன்று நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சமைத்துத் தந்த அயலவருக்கும், இறுதிக் கிரியைகளை முறைப்படி நடத்தித் தந்த குருக்களுக்கும், நுவரெலியாவிலிருந்து லாயத்து உடுப்போடு வந்து நின்ற பழைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோப்பூர் நானாவுக்கு நன்றி சொல்லப் போனபோது, "சொந்தத்துக்குள்ள என்ன நன்றி" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். தாமரை அவர் வளவில் மீண்டும் சினையாக நிற்கிறது. தை மாதத்தில் ஈனலாம். என்ன குட்டி என்று இந்த மலர் அச்சாகும்போது எவருக்கும் தெரியாது.

தாமரை மீண்டும் சினைப்பட்டது எப்படி என்பதை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். குட்டி பிறந்த மறுநாள், பெப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. காலையில் தேநீருடன் அண்ணாவின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தொலைபேசி காதில் இருந்தது.

"மச்சான், எழும்பிட்டியோ? ஈண்டு ஒன்பது நாளில திரும்பச் சேர்க்கலாம். உன்ர குதிரையத் தோப்பூருக்கு அனுப்பு. ஓம், ஈன பதினொரு மாசம்தான். எனக்குக் கணக்குத் தெரியும். நீ லொறிக்குச் சொல்லு."

அதற்கு முன் அவர் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.