முதலில் வெளியே வந்தவன்

எங்கள் தொழிற்சாலையில் தலைமைப் பண்பு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டே நாளில், பஃபே சாப்பாட்டோடு கற்றுத்தரப்படும். கடலோர ஹோட்டலில் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிப்பார். என்னைத் தாங்க நிறுத்தப்பட்டவர் அலுவலகத்தின் மிக ஒல்லியான பெண். நான் சாயவே இல்லை. சாய்ந்ததாகச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

முடிவுரை எப்போதும் முதலாளியுடையது. டத்தோ பட்டம் வாங்கியவர். மலேசியாவின் ஸ்கூடாயில் பிளாஸ்டிக் வாளி செய்யும் இந்தத் தொழிற்சாலை போக, மூன்று சங்கங்களுக்குத் தலைவர், ஒரு பள்ளிக் கட்டடக் குழுவுக்குப் புரவலர். எந்த மேடையில் நாற்காலி காலியாக இருந்தாலும் அது தனக்காகத்தான் காலியாக இருக்கிறது என்று நம்புபவர். பொறுப்பு, பொறுப்பு என்று அரைமணி நேரம் பேசுவார். பேசி முடித்ததும் அந்தப் பொறுப்பை யாரிடமாவது கொடுத்துவிடுவார். எனக்குக் கிடைத்தது ஒரு சிவப்பு மேல்சட்டை. முதுகில் 'தீப் பாதுகாப்புத் தலைவர்' என்று மலாயில் எழுதியிருக்கும். அந்த வருடம் மேலாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அதனால் சட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பேக்கிங் பகுதியில் புகை கிளம்பி அபாய மணி அடித்தது. பயிற்சி இல்லை, நிஜம்.

விதிப்படி நான் எல்லா அறைகளையும் பார்த்து, ஆட்களை முன்னே அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியேற வேண்டும். என் வாய் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தது. "ஓடாதீங்க, நிதானம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கால்களுக்கும் அந்த வாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிதானமாக நடந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவரையும் முந்தி, முந்தும்போது அவர்கள் காதில் நிதானம் என்று ஓதிவிட்டு, நான் ஓடினேன். வெளிவாசலுக்கு முதலில் வந்து சேர்ந்த ஆள் நான்தான். கையில் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. எரிகிற கட்டடத்திலிருந்து நான் காப்பாற்றியது அதை மட்டும்தான்.

டத்தோ இரண்டாவதாக வந்தார். அங்கே இருந்த ஒரே நிழல் காவலர் அறையின் நிழல். அதற்குள் போய் நின்று யார் யாருக்கோ போன் செய்து, எல்லாம் கண்ட்ரோலில் இருப்பதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆட்கள் எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டார்.

மேலே இருப்பவர் எதைக் கேட்டாலும் கீழே இருப்பவன் சொல்ல எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. பெரெஸ், போஸ். எல்லாம் முடிந்தது, கவலை வேண்டாம் என்று அர்த்தம். முடிந்ததா என்று போய்ப் பார்க்கிற வழக்கம் கிடையாது. லாரி கிளம்பியதா? பெரெஸ். இயந்திரம் சரியாகிவிட்டதா? பெரெஸ். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் சூப்பர்வைசர் ஆனேன். அவரும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் டத்தோ ஆனார் என்று நினைக்கிறேன்.

"பெரெஸ், டத்தோ" என்றேன். காவலர் அறையில் தொங்கிய ஆள் பட்டியலை எடுத்து, யாரையும் எண்ணாமல், மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போதுதான் கேண்டீனில் தேநீரும் கோப்பியுமாகத் தண்ணி கலக்குகிற அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். யார் பெயரும் அவருக்குத் தெரியாது. அவரவர் குடிப்பதைத்தான் தெரியும். நான் சீனி குறைத்த கோப்பி. டத்தோ வெறும் சுடுதண்ணி. அக்கா கூட்டத்தை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"தம்பி, தே-ஓ கோசோங்கக் காணோமே?"

பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். அதைக் குடிப்பவர் எங்களில் ஒரே ஒருவர்: கிரைண்டர் அறையில் உடைந்த வாளிகளை அரைக்கும் பங்களாதேசத்துக்காரர். அந்த இரைச்சலுக்காக இரண்டு காதுகளையும் பொத்தும் கவசம் மாட்டியிருப்பார். அபாய மணி அவருக்குக் கேட்டிருக்காது. அந்த அறையோ பேக்கிங் பகுதிக்கு நேர் பின்னால். ஏஜெண்ட் அனுப்பிய ஆள் என்பதால் என் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. எண்ணியிருந்தாலும் அவர் குறைந்திருக்க மாட்டார்.

டத்தோவிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அவன் ஏஜெண்ட் ஆளுலா. நம்ம லிஸ்ட்ல இல்லல்ல? அப்ப நம்ம லிஸ்ட் சரிதானே?"

கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கொடுமை செய்யவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காகிதம் சரியாக இருந்தால் உலகமும் சரியாக இருக்கும் என்று அவர் மனதார நம்பினார். அப்படி நம்புகிறவர்களைத்தான் நாம் மாலை போட்டு மேடையில் உட்கார வைக்கிறோம்.

ஸ்கூடாய் நெரிசலை மீறி பொம்பா வண்டி வந்து சேர்ந்தது. இறங்கிய தீயணைப்பு அதிகாரி இங்கே தலைவர் யார் என்று மலாயில் கேட்டார். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்கு முதல் ஆளாக எழுந்து நின்ற டத்தோ, அன்று விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

அதிகாரி என் கையிலிருந்த பட்டியலை வாங்கினார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றார். காகிதத்தில் என் கையெழுத்து. நிழலில் டத்தோவின் முறைப்பு. காலியாக இருக்கும் மேலாளர் நாற்காலி. வாயைத் திறந்தேன். நாக்கின் நுனியில் பெரெஸ் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா எந்த ரூம்னு எனக்குத் தெரியாது தம்பி."

சொன்னேன். ஆட்டுக்குட்டி கத்துகிற குரலில் சொன்னேன். இந்தப் பட்டியல் பொய், நான் எண்ணவில்லை, பேக்கிங்குக்குப் பின்னால் கிரைண்டர் அறையில் ஒருவர் இருக்கிறார். அதிகாரி என்னைத் திட்டவில்லை. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பேரை முகமூடியோடு உள்ளே அனுப்பினார்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவும் பயம். அக்கா புகை வந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ போனில் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் டத்தோ முதல்முறையாக வெயிலுக்கு வந்தார்.

கிரைண்டர் அறைக்காரர் நடந்தே வெளியே வந்தார். முகமெல்லாம் கரி, விடாத இருமல். இருமலுக்கு நடுவே, பாதி மூட்டை அரைக்காமல் கிடக்கிறது, அதற்குள் ஏன் இழுத்து வந்தீர்கள் என்று தீயணைப்பாளரைக் கோபித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துப் புகையைக் கண்டதும்தான் தரையில் உட்கார்ந்தார். அக்கா தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் டத்தோ பேசினார். ஒரே ஒரு தொழிலாளியைக்கூட உள்ளே விட்டுவிடாத தலைமை எப்படி இருக்கும் என்று விளக்கினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். மேலாளர் பதவியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையே.

தொழிற்சாலை மறுபடி திறந்த அன்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு கிரைண்டர் அறைக்குப் போனேன். அவர் இயந்திரத்தை நிறுத்திக் காதுக் கவசத்தைக் கழற்றியதும், அன்று எல்லாரும் வெளியே வந்துவிட்டதாக நான் சொன்னதை அவரிடமே சொன்னேன். அப்போது தன்னையும் எண்ணினேனா என்று அவர் மலாயில் கேட்டார். இல்லை என்றேன். ஏற்கெனவே தெரிந்த செய்தியைக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

பெயரைக் கேட்டேன். நான்கு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறோம். சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாக இன்னொரு முறை சொன்னார். எழுதினேன். தாளை மடிக்கப் போனபோது அவர் பேனாவை என்னிடமிருந்து வாங்கினார். இயந்திரத்தின் மேலேயே தாளை வைத்து, தன் பெயருக்குக் கீழே, என் பட்டியலில் இல்லாத இன்னும் பதினோரு பெயர்களை எழுதித் தந்தார்.