வாளி அக்காவின் கைராசி

முதல் வாளி குதிரையின் கழுத்துக்கு, அடுத்தது தொடையின் உட்பக்கத்துக்கு. ஊற்றிய தண்ணீர் உடல் சூட்டில் வெந்நீராவதற்குள் கையால் வழித்தெறிந்துவிட்டு மறுபடி ஊற்றுவாள். "இருடி கண்ணு, இதோ ஆச்சு, இதோ ஆச்சு." ஆண் குதிரையானாலும் அவளுக்கு 'டி'தான்.

நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் அவளுக்கு வாளி அக்கா என்று பெயர். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டாக்டர் குதிரையின் நெஞ்சுத் துடிப்பைப் பார்ப்பார். சீக்கிரம் தணிந்தால் மேலே ஓடலாம். இல்லாவிட்டால் அத்தோடு சரி, வண்டியேற்றி வீட்டுக்கு. வாளி அக்கா கை வைத்துத் தணியாத குதிரை கிடையாது. "உன் பொண்டாட்டி கைராசிக்காரிடா" என்று பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வயிறெரிவார்கள். சவாரி செய்கிற புருஷன் மீசையைத் தடவிக்கொள்வான். அவளுக்கோ கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஓட முடியாத குதிரையையும் ஓடும் என்று காட்டிவிடுகிற கைக்கு என்ன ராசி? பாழாய்ப் போன கை!

குதிரை புல்லில் வாய் வைக்காமல் அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. "எங்கம்மா செத்தப்பகூட மூணு வேளை தின்னவ இவ" என்பான் புருஷன்.

இன்று வெள்ளைப் பெட்டை இரண்டாம் கட்டம் முடித்து வந்தபோது புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் வயிற்றில் காதை வைத்தாள். கடமுடாவென்று உருள வேண்டிய வயிறு பேச்சுமூச்சில்லாமல் இருந்தது.

"இதுக்கு முடியலைங்க. நிறுத்திடலாம்."

"முதலாளி வந்து உக்காந்திருக்காரு. நீ தண்ணிய ஊத்து, மத்தத நான் பாத்துக்கறேன்."

ஊற்றினாள். துடிப்பு சொன்னபடி கேட்டது. டாக்டர் காதில் மாட்டிய குழாயை வயிற்றிலும் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"சத்தம் கம்மியா இருக்கே. ஏதாவது தின்னுச்சாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டான். "வயிறு முட்டத் தின்னுச்சு சார்."

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். இந்த முறையும் தோற்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர்கள் குடியிருப்பதும் அவருடைய லாயத்தை ஒட்டிய வீட்டில்தான். தலையைக் குனிந்துகொண்டாள். "சரி, பாத்து மெதுவாப் போங்க" என்று டாக்டர் விட்டுவிட்டார்.

பிறகு ஒவ்வொரு குதிரையாகத் திரும்பி வந்தது. வெள்ளையைக் காணோம். வாளிகளை நிரப்பி வைத்துக்கொண்டு பாதையையே பார்த்திருந்தாள். கடைசியில் புருஷன் வந்தான், நடந்து, சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு.

குதிரை செத்துவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஐயோ, நானே அனுப்பிட்டேனே!" என்று சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். பின்னாலேயே முதலாளியும்.

"என்னய்யா ஆச்சு?"

"நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு சார். வெயில்ல திடீர்னு..."

அவள் எழுந்து போய், அத்தனை பேர் பார்க்க, புருஷனின் வாயைப் பொத்தினாள்.