மின்விசிறியோடு பேசிய ஞாயிற்றுக்கிழமைகள்

என் வீட்டுக்காரரின் தங்கை கல்யாணமாகி மலேசியாவுக்குப் போனாள். மாப்பிள்ளைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டும் வேலை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்று வயதானபோது அவர் விபத்தில் போய்விட்டார். அடுத்த வருஷமே காய்ச்சலில் படுத்த அவளும் எழுந்திருக்கவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சீனக்காரம்மா வைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை பக்கம் நெருங்கிய சொந்தம் யாரும் இல்லை.

வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலையில் வேலை. ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பாப்பாவ நம்மகிட்ட கூட்டினு வந்துடலாமா?"

"இதை இன்னா கேக்குற? கூட்டினு வந்துடலாம்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை இறந்த சேதி வந்த அன்றுகூட அவர் எங்கள் முன்னால் அழுததில்லை.

விஷயம் தெரிந்ததும் அவருடைய பெரியம்மா பொன்னேரியிலிருந்து வந்தார். "நல்லதாப் போச்சு. முறைப்பொண்ணு ஊடு தேடி வருது. நாளைக்கு உன் பையனுக்கே கட்டி வச்சிடலாம்" என்றார்.

சத்தம் போட்டே பழகாத மனுஷர், அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "தத்து எடுத்தா அது எனக்குப் பொண்ணு. அவனுக்குத் தங்கச்சி. இந்தப் பேச்சு இத்தோட போவட்டும் பெரிமா."

ஆறாம் வகுப்பு படித்த எங்கள் பையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் என் ஃபோனைப் பார்த்தேன். சீனக்காரம்மாவின் நம்பருக்கு 'அத்தை பொண்ணு' என்றிருந்த பெயர் 'தங்கச்சி' என்று மாறியிருந்தது.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. ஒரு நாட்டுக் குழந்தையை இன்னொரு நாட்டுக்குத் தத்து கொடுக்க இரண்டு அரசாங்கமும் சம்மதிக்க வேண்டும். லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூரில் மாவட்ட ஆபீசுக்கு அலைந்தோம். ஒருமுறை அதிகாரி அம்மா ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். குழந்தை எங்கே தூங்கும், எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் பையனிடம் திரும்பினார்.

"தங்கச்சி வந்து உன் பொருளை எல்லாம் எடுத்தா என்ன பண்ணுவே?"

"பேஜாரு பண்ணுவேன். அப்புறம் குடுத்துடுவேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவோம். முதல் தடவை திரையில் தெரிந்தது ஒரு மின்விசிறி மட்டும்தான். குழந்தை ஃபோனை மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு எங்கோ போய்விட்டது. "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டோம். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. தூரத்தில் "ஆமா! ஆமா!" என்று அவள் குரல் கேட்டது.

"இன்னா கேட்டாலும் ஆமாங்குது. நல்ல பொண்ணுதான்" என்றார் வீட்டுக்காரர் சந்தோஷமாக.

அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் சீனத்தில் பாட்டியை 'ஆ மா' என்பார்களாம். பயந்துபோய் சீனக்காரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். நரைத்த கிராப்புத் தலையோடு அவர் திரையில் எட்டிப் பார்த்து, சுத்தத் தமிழில், "பசியாறிட்டீங்களா? பிள்ள வெட்கப்படுது. நீங்க பேசுங்க, அது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார். நாங்கள் வாயைப் பிளந்தோம். "ரப்பர் எஸ்டேட்ல பொறந்தவ நான். சுத்திலும் தமிழுதான். தமிழ் பேசாட்டி யாரு கூட விளையாடறது?" என்று சிரித்தார்.

அதனால் விசிறியோடு பேசினோம். பையன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வான். நான் சமையலைச் சொல்வேன். வீட்டுக்காரர்தான் திணறுவார். ஒரு ஞாயிறு, வேறெதுவும் தோன்றாமல், "இன்னிக்கு உலையில வேலை ஜாஸ்தி பாப்பா. ஒரே சூடு" என்றார்.

விசிறிக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "இரும்பு சூடானா என்ன கலரு?"

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உலையில இருந்து வெளிய வரும்போது மஞ்சளா இருக்கும்மா. கண்ணு கூசும். உருளைக்குள்ள போவப் போவ நீளமாய்க்கினே போவும். பாம்பு மாதிரி ஓடும். அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் நல்ல செவப்பு. கடைசில சாம்பல் கலராயிடும். அப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். பாத்தா ஆறிப்போன மாதிரி தெரியும், தொட்டா தோலே வந்துடும்."

"ராத்திரியில?"

"ராத்திரில இன்னும் அழகா இருக்கும்."

அவர் வேலை செய்யும் இடத்தில் அழகு என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். பதிமூன்று வருஷமாக அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் விழுந்திருக்கும் பொத்தல்களைத் தைத்திருக்கிறேன். இரும்பு என்ன நிறம் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. விசிறி மறைந்து திரையில் ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் தெரிந்தன. அவர் தங்கையின் கண்கள்.

அதன்பிறகு அவளுக்குச் சொல்வதற்காகவே எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தோம். பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரைகளை வீடியோவில் காட்டினோம். வாசலில் மேயும் எருமைகூட அவளுக்கு அதிசயம்தான்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் ராக்கெட் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஜன்னல் அதிர்ந்தால், "ராக்கெட் போவுது" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறுவோம். ஒரு தடவை காலைநேரத்தில் ஏவினார்கள். அவளை வீடியோவில் கூப்பிட்டுப் பையன் ஃபோனோடு மாடிக்கு ஓடினான். பின்னாலேயே நாங்களும் ஏறினோம்.

வடகிழக்கே, தென்னைகளுக்கு மேலே, ஒரு நெருப்புப் பொட்டு எழும்பியது. வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் ஏறி, மேகத்தைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது.

"சத்தமே இல்ல லா" என்றாள் அந்த ஊர்ப் பேச்சில், கிள்ளானிலிருந்து.

"இரு, வரும்" என்றான் பையன்.

நாலு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். மூன்று பேர் மாடியில், ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம். புகை கலைய ஆரம்பித்த பிறகு அது வந்தது. முதலில் தரை வழியாக, பாதத்தில். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் மூடி நடுங்கியது. அப்புறம் வானமே உருண்டு வருகிற மாதிரி ஒரு முழக்கம். பையன் ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்தான்.

"ஆ மா, வா, வா! கேட்குது! அண்ணன் வீட்டுல வானம் கத்துது!"

அண்ணன் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறந்ததிலிருந்து கேட்டுவந்த அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. பையன் தூக்கிய கையை இறக்கவே இல்லை.

ஆனால் எனக்குள் ஒரு முள் இருந்தது. குழந்தை அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வதை ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் மட்டும் தனியாக ஃபோனில் கிடைத்தார். கேட்டுவிட்டேன். "நீங்களே வச்சுக்கலாமேம்மா? அவ உங்க புள்ள மாதிரிதானே இருக்கா? நாங்க பிரிக்கிறோமா?"

அவர் சொன்னார். "எனக்கு வயசு அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. இதயத்துல குழாய் வச்சிருக்கு. நான் ஆசைப்பட்டு வச்சிருந்தா, நாளைக்கு அது மூணாவது தடவ ஒரு சாவ பார்க்கும். அதுக்குத்தான் பயம். நீ வாங்கிக்கோ. நான் உயிரோட இருக்கறப்பவே அது உங்ககிட்ட பழகட்டும்."

எந்த ரத்தமும் இல்லை, எந்தச் சட்டமும் அவரைக் கட்டவில்லை. பக்கத்து வீட்டில் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். இன்றைக்கும் அதை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

காகிதங்கள் ஒருவழியாக முடிந்தபோது குழந்தைக்கு ஆறு வயது. ஆ மாவே கூட்டிக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் அவள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அவருடைய சட்டை முனையைப் பிடித்தபடி எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "ஃபோன்ல குட்டியா இருந்தாங்க" என்று அவரிடம் புகார் சொன்னாள்.

ஆ மா எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினார். குழந்தைக்கு எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் வலிக்காது, காய்ச்சல் வரப்போகிறது என்றால் முதலில் எப்படி முகம் சுருங்கும் என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் வாரம் அவர் ஊட்டினார். அடுத்த வாரம், "கை வலிக்குது" என்று தட்டை என்னிடம் தள்ளினார். கை வலியெல்லாம் ஒன்றும் இல்லை.

பையன் தன் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவான். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் அது சகஜம். அவள் ரொம்ப யோசித்துவிட்டு ஒருநாள் சொன்னாள். "அப்பா செத்துட்டாரு. இவரு நைனா. நைனா வேற." வீட்டுக்காரர் தலையாட்டினார். "வேறதாம்மா. அவரு அவருதான், நான் நான்தான்." நான் அவளுக்கு அத்தைதான். இப்போதும் அத்தைதான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆ மா கிளம்பிய அன்று எல்லோரும் விமான நிலையம் போனோம். அவர் குழந்தையிடம் எதையும் மறைக்கவில்லை. "ஆ மா வீட்டுக்குப் போறேன். நீ உன் வீட்டுக்குப் போற. ஞாயித்துக்கிழமை பேசுவோம்" என்றார். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் ஒரு தடவை நின்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

குழந்தை அலறினாள். மெட்ரோவில் அழுதாள். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார யூனிட் ரயில் கிளம்பிய பிறகும் அழுதாள். எதிர் சீட்டுக்காரப் பெண் பூ கொடுத்தாள், வாங்கவில்லை. பையன் எதையோ சொல்லிப் பார்த்துவிட்டு அவனும் அழ ஆரம்பித்தான். எண்ணூர் தாண்டும்போது அழுகை விக்கலானது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையக் கோபுரங்கள் தெரிந்தபோது அவள் யாரையும் கேட்காமல் எழுந்து, என் மடியில் ஏறி, முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். மீஞ்சூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

அவள் மூச்சு என் தோளில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சாவைப் பார்த்த குழந்தை. கடல் தாண்டி வந்த குழந்தை. என்னிடம் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டுத் தூங்குகிறது. கவரைப்பேட்டை தாண்டியதும் கால் மரத்துப்போனது.

"நான் வாங்கிக்கட்டுமா?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.