சீனி சுற்ற உதவாத புத்தகங்கள்

பிள்ளைகளுக்கு அறிவு வளர எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுக்கலாம் என்று இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு யாரும் வாங்கித் தரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் வாப்பாவின் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. வயதுக்கு வந்ததும் என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கியது. நான் போகக்கூடிய தூரம் அதுவரைதான்.

சீனி, மிளகாய் கட்டும் கடதாசிச் சரைகளுக்காக வாப்பா கண்டி டவுனிலிருந்து பழைய புத்தகங்களைச் சாக்கோடு வாங்கி வருவார். ஒரு சாக்குக்கு ஒரு புத்தகம் எனக்கு. எடுத்ததை நடுவில் பிரித்து ஒரு வரி சத்தமாக வாசிப்பேன். வீட்டில் யாருக்காவது அந்த விஷயம் தெரிந்திருந்தால் புத்தகம் கடைக்கே போகும். பெண்பிள்ளைக்கு ஏற்றது என்று ஒரு சொந்தக்காரர் கொடுத்த புத்தகத்தில் சோறு வடிப்பதும் அடங்கி நடப்பதும் இருந்தன. காலையிலிருந்து நான் செய்துகொண்டிருந்ததே அதைத்தான். அதற்குப் புத்தகம் எதற்கு?

அந்த வருடம் என் கைக்குழந்தைத் தங்கை நெஞ்சுச் சளி கட்டி, மூச்சு நின்று மௌத்தானாள். நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த சாக்கில் உடம்பின் உள்ளுறுப்புகளைப் படம் போட்டு விளக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தது. உம்மா பார்த்துவிட்டார்.

"அஸ்தஃபிருல்லா! குமருப் புள்ள பாக்கிற படமா இது?"

பிடுங்கித் திரைக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார்.

"வாப்பா, அதக் கிழிக்க வாணாம். தங்கச்சிக்கு என்ன வந்தெண்டு அதுல ஈக்கும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? டாக்குத்தர் வேலைக்கா போற?" என்றார் வாப்பா. தாள் கிழியும் சத்தம் கேட்டது.

வெளியே ஒரு தோட்டத்து ஆள் அரை றாத்தல் சீனிக்கு நின்றிருந்தார். படத்தாள் தடித்தது, வழுவழுப்பானது. சுற்றச் சுற்றச் சரை விரிந்துகொண்டது.

"மொதலாளி, சீனி பூரா கீழ போகுது! ஒங்க கடதாசி கோவிச்சுக்கிருச்சு போல!"

வாப்பா இன்னொரு தாளைக் கிழித்தார். அதுவும் விரிந்தது. புத்தகத்தைத் திரைக்கு மேலால் வீசினார்.

"இந்தா, கடைக்கு ஒதவாத சனியன். நீயே வெச்சுக்க."

நான் கெஞ்சியதற்காகக் கொடுக்கவில்லை, தாள் மடியாததால் கொடுத்தார். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

நுரையீரல் படம் கிழியாமல் இருந்தது. சளி அடைத்தால் மூச்சுக்கு இடமில்லாமல் போவதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"புள்ளைக்கு நொந்திருக்குமா?"

புத்தகத்தில் அது இல்லை. புத்தகத்தில் இல்லை என்றே அவரிடமும் சொன்னேன்.

அடுத்த சாக்கு வந்தபோது உம்மாதான் முதலில் கையை விட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளாக விரலால் தடவிப் பார்த்து, தடித்த ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"இது மடியாது. எடு."

அது மாட்டு நோய்களைப் பற்றிய புத்தகம். எங்களிடம் மாடு இல்லை. அதையும் படித்தேன்.